நொய்யல்: தேக்கிய நீரும் தேங்கிய உப்பும்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகச் சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டம் நொய்யல் கிராமத்தில் காவிரியோடு கலக்கிறது நொய்யலாறு. இதன் வடகரையில்தான் பண்டைய ஊரான கொடுமணல் இருக்கிறது. இரும்பு உருக்கிய உலைகள், கல்மணிகள், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து பொறித்த பானையோடுகள் என அகழாய்வில் கிடைத்தவை ஏராளம்.

ஆனால் இந்த ஆற்றில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடாது. மலையில் மழை வலுத்தால் வெள்ளம் வரும். சில நாட்களில் வடிந்துவிடும். கோவைச் சமவெளியோ மலை மறைப்பதால் மழை குறைந்த மழைமறைவுப் பகுதி. அதனால் ஓடுகிற வெள்ளத்தை ஊருக்குள் நிறுத்தும் ஏற்பாட்டை முன்னோர் செய்து வைத்தார்கள்.

சித்திரைச்சாவடி அணைக்கட்டைப் பாருங்கள். உயரம் குறைந்த சுவர்தான். நீரைத் தேக்குவது அதன் வேலையல்ல. ஆற்றின் மட்டத்தைச் சற்று உயர்த்தி வாய்க்காலில் திருப்பிவிடும். மிச்சம் சுவரைத் தாண்டி அடுத்த அணைக்கட்டுக்குப் போகும். வாய்க்கால் நீர் கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி என்று குளங்களை நிரப்பும். ஒரு குளம் நிறைந்தால் உபரி கலிங்கு வழியாக அடுத்த குளத்துக்கு வழியும். தேங்கிய நீர் பாறை வெடிப்புகளில் மெல்ல இறங்கிக் கிணறுகளை ஊற வைக்கும். சில நாள் வெள்ளம் பல மாத நீராக மாறுவது இப்படித்தான். இதைவிடச் சிக்கனமான நீர்ப்பொறியியலை நான் அறியேன்.

1992இல் திருப்பூருக்குக் கிழக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக அணை எழுந்தது. அங்கே தேங்கியது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. பருத்தி இழையும் பனியன் துணிக்கான சாயமும் தண்ணீரில் ஒரே எதிர்மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையில் ஏற்றத்தான் சாயத்தொட்டியில் உப்பை அள்ளிக் கொட்டுகிறார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியில் ஒட்டிவிடும். உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். வழக்கமான சுத்திகரிப்பு நிறத்தை நீக்கும், கரைந்த உப்பை நீக்காது. அணையில் நீர் ஆவியாக ஆவியாக மிஞ்சியதன் உப்புச்செறிவு ஏறியது. கசிந்த நீர் சுற்றுவட்டாரக் கிணறுகளையும் கெடுத்தது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் நீரைத் தேக்க வேண்டாம் என்று உழவர்களே போராடியது எத்தனை பெரிய கொடுமை!

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சொட்டுக் கழிவும் வெளியேற்றாத ஆலைகளுக்கே பிறகு அனுமதி. அழுத்தம் கொடுத்து நுண்சவ்வு வழியே நீரை வடிக்கும் எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் நல்ல நீரைப் பிரித்து மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்துகிறார்கள். மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி உப்பையும் மீட்கிறார்கள். மீட்க முடியாத கலப்பு உப்பு மட்டும் மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் சேர்கிறது. அதற்கு ஒரு வழி கண்டாக வேண்டும்.