போங்கா: ஆவியா, சாமியா?

கிழக்கிந்தியப் பழங்குடிகளான சந்தால் மக்களின் சமயத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் முதல் பக்கத்திலேயே எதிர்ப்படும் சொல் போங்கா. ஆங்கில ஆய்வுகள் இதற்குப் போட்ட ‘ஸ்பிரிட்’ என்ற சொல்லை அப்படியே பெயர்த்தால் தமிழில் ‘ஆவி’ என்று வந்து நிற்கும். அது சரிப்படாது. ஆவி என்றால் நமக்குச் செத்தவர் நினைவுதான் வரும்.

போங்கா அவ்வளவு குறுகியதல்ல. மராங் புரு, அதாவது பெரிய மலை, ஒரு போங்கா. சால் மரத்தோப்பில் குடியிருக்கும் ஜாகேர் ஏரா, தோப்பின் தலைவி, ஒரு போங்கா. ஊர் எல்லைக்கும் உண்டு, வீட்டுக்கும் உண்டு. வீட்டுப் போங்காவின் பெயரைத் தகப்பன் மூத்த மகனிடம் மட்டும் சொல்லிவைப்பது வழக்கம், மனைவிக்குக்கூடத் தெரியாது.

சந்தாலி முண்டா மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. முண்டாரி, ஹோ மொழிகளிலும் இதே சொல் புழங்குகிறது. முண்டா மக்களுக்குச் சூரியக் கடவுள் சிங் போங்கா. ஹோ மக்களை ஆராய்ந்த டி. என். மஜும்தார், அந்த மக்களின் சமயத்துக்கே ‘போங்காயிசம்’ என்று பெயர் வைத்தார். (நம் ‘பொங்கல்’ போல ஒலிக்கிறதே என்று யாரும் முடிச்சுப் போட வேண்டாம்; வெறும் ஒலி ஒற்றுமைதான்.)

சந்தாலி மொழிக்கு 1929 முதல் 1936 வரை ஐந்து தொகுதிகளில் அகராதி தந்த போட்டிங், நார்வேயிலிருந்து வந்த மதபோதகர். அவரைப் போன்றவர்களின் உழைப்பு இல்லாமல் இந்த ஆய்வுத்துறையே இல்லை. ஆனால் மதபோதகர் கண்ணுக்குப் போங்காக்கள் பெரும்பாலும் தீய சக்திகளாகத்தான் பட்டன. இது நமக்குப் பழகிய கதைதான். 1849இல் திருநெல்வேலிச் சீமையைப் பற்றி எழுதிய கால்டுவெல்லுக்கும் நம் சாமியாட்டம் பேயாட்டமாகத்தான் தெரிந்தது.

பாஹா திருவிழாவைப் பார்த்தால் குழப்பம் தீரும். மாசி, பங்குனி வாக்கில் சால் மரம் பூக்கும்போது நடக்கும் பூத்திருவிழா அது. மேளம் முழங்க, ஆட்கள் மேல் போங்கா இறங்கும். ஜாகேர் ஏரா இறங்கிய ஆண் கூடையும் துடைப்பமும் எடுத்துத் தோப்பைப் பெருக்குவார். மராங் புரு வந்தவர் கையில் கோடரி இருக்கும். நாயக்கே என்னும் பூசாரி அவர்களுடைய காலைக் கழுவிவிட்டு, ஊரைப் பற்றிக் கேள்வி கேட்பார். அருள்வாக்குக் கேட்ட எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ‘சாமி’ என்பதே என் தேர்வு. ஓராக் போங்காவை வீட்டுச்சாமி என்றே எழுதலாம். ‘தெய்வம்’ தவறில்லை, கொஞ்சம் விறைப்பு. ‘அணங்கு’ ஆசை காட்டும் சொல். அச்சமும் ஆற்றலும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. அப்புறம், போங்கா போலவே அணங்கும் பெயராகவும் வினையாகவும் வரும். ஆனால் அங்கேதான் திசை மாறுகிறது. அணங்குதல் என்றால் தெய்வம் மனிதரை வருத்துவது. சந்தாலியில் போங்கா வினையாகும்போது மனிதர் பலி கொடுத்து வழிபடுவதைக் குறிக்கும். அந்த வினைக்குத் ‘சாமி கும்பிடுதல்’ கச்சிதமாகப் பொருந்துகிறது. தென்மாவட்டங்களில் கிடா வெட்டுவதும் அதற்குள் அடக்கம்தானே.