சுவர் எழும்புமுன் சித்திரம்: ஒரு 'நில்' பிழையின் கதை

திருகோணமலைக்கு வருகிறவர்களுக்கு ஊரைக் காட்டும் ஐபோன் செயலி ஒன்றைப் பக்கத்து வீட்டுத் தம்பி எழுதிக்கொண்டிருந்தான். கோணேசர் கோயில், இராவணன் வெட்டு, புறாத்தீவு, கன்னியா வெந்நீரூற்று என்று பட்டியல். ஒன்றைத் தொட்டால் அடுத்த திரையில் அதன் படம் பெரிதாக வரவேண்டும். கன்னியாவைத் தொட்டான். செயலி பொத்தென்று விழுந்தது. எதைத் தொட்டாலும் அதே கதிதான். செயலி எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடில் சிவப்பாக ஒரு செய்தி: எதிர்பாராமல் 'நில்' (nil) அகப்பட்டது.

"அண்ணா, படம்தான் பழுது போல. நாலு தரம் மாத்திப் போட்டுப் பாத்திட்டன்" என்றான்.

தமிழ்க் காதுக்குப் பொருத்தமான சொல்தான். நில் என்றதும் செயலி நின்றுவிடுகிறது. ஆனால் கணினிக்கு நில் என்றால் 'இங்கே ஒன்றுமில்லை'. பூச்சியம்கூட இல்லை, பூச்சியம் ஓர் எண். ஒன்றுமில்லாததைச் சுட்டும் இந்த ஏற்பாட்டை 1965இல் அல்கால் டபிள்யூ என்ற நிரல்மொழியில் கொண்டுவந்தவர் கணினி அறிஞர் டோனி ஹோர். 2009இல் அவரே அதைத் தன் நூறு கோடி டொலர் தவறு என்று சொல்லிக்கொண்டார். ஐபோன் செயலிகள் எழுத 2014இல் வந்த ஸ்விஃப்ட் மொழி இதற்கு ஒரு காவல் வைத்தது: வெறுமையாக இருக்கக்கூடியதை 'ஆப்ஷனல்' என்ற பெட்டிக்குள் வை, திறந்து பார்த்து எடு. பார்க்காமலே எடுக்க ஆச்சரியக்குறி. அதைப் போட்டால் 'உள்ளே இருக்கிறது, நான் பொறுப்பு' என்று எழுதிக் கொடுத்த மாதிரி.

தம்பியின் வரி இதுதான்: அடுத்ததிரை.இமேஜ்வியூ.இமேஜ் = போட்டோ.

வலது பக்கம் படம். இடது பக்கம் அதை மாட்டும் சட்டம், அதாவது இமேஜ்வியூ. எல்லோரும் முதலில் படத்தைத்தான் பிடிப்பார்கள். ஆனால் இமேஜ்வியூவுக்குள் இருக்கும் இமேஜும் ஓர் ஆப்ஷனல்தான். அதற்கு நில் கொடுத்தால் கோபிக்காது. சட்டம் வெறுமையாகத் தொங்கும், அவ்வளவுதான். ஆகவே, போட்டோவுக்குப் பின்னால் ஆச்சரியக்குறி இல்லாமலே இந்த வரியில் செயலி விழுந்தால், இல்லாதது படமல்ல, சட்டம்.

அந்த வரியில் பிரேக்பாயின்ட், அதாவது ஓட்டத்தை நிறுத்தும் குறி, வைத்து நிறுத்தினோம். கட்டளை எழுதிப் பதில் பார்க்கும் கன்சோலில் போட்டோவைக் கேட்டோம். நீள அகலத்தோடு பதில் வந்தது. இமேஜ்வியூவைக் கேட்டோம். நில். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. திரைகளை வரைந்து அடுக்கும் ஸ்டோரிபோர்டில் தன் கையால் இழுத்து வைத்த சட்டமல்லவா!

ஐபோன் திரைகளைக் கட்டித்தரும் ஆப்பிளின் யூஐகிட் ஒரு கெட்டிக்காரச் சோம்பேறி. அடுத்த திரையை நடத்தும் கன்ட்ரோலரை உருவாக்கும், அதன் காட்சியை உடனே கட்டாது. யாராவது கேட்கும்போதுதான் கட்டும். வீணாக நினைவகம் பிடிக்காது. திரை மாறுவதற்கு முன் ஓடும் 'பிரிப்பேர்' என்ற இடத்தில் கன்ட்ரோலர் இருக்கிறது, அதன் அவுட்லெட்டுகள் (திரையிலுள்ள சட்டம் போன்றவற்றைக் கோடோடு இணைக்கும் மாறிகள்) எல்லாம் இன்னும் நில். தம்பி படத்தை மாட்டப் போனது அங்கே. சுவர் இருந்தால்தானே சித்திரம்? அவன் ஆச்சரியக்குறி எதுவும் போடவில்லை என்கிறான். உண்மைதான், அவுட்லெட்டை இழுக்கும்போது எக்ஸ்கோடே அதைப் போட்டுவிடும்.

திருத்தம் இரண்டு வரி. அடுத்த திரையில் சாதாரண மாறி ஒன்றை வைத்து, பிரிப்பேரில் படத்தை அதனிடம் கொடுத்துவிடுவது. காட்சி கட்டி முடிந்ததும் ஓடும் 'வியூடிட்லோட்' வரும்போது சட்டம் வந்திருக்கும், அப்போது மாட்டுவது. (அவுட்லெட் இணைப்பு அறுந்தாலும் இதே பிழை வரும். அப்போது கோட் ஓரத்திலுள்ள குட்டி வட்டம் வெறுமையாகத் தெரியும்.)

சரி, முடிந்தது என்று போனில் ஏற்றினால் கன்னியா மட்டும் வெள்ளை. விழவில்லை, வெள்ளை. இந்தத் தடவை படமேதான். ஆங்கிலத்தில் வைத்த கோப்புப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியது, கோடில் சின்ன எழுத்து. மேக் கணினி வழக்கமாக இந்த வித்தியாசத்தைப் பார்க்காது, அதனால் கணினியிலேயே ஐபோன் போல ஓடும் சிமுலேட்டரில் படம் வந்தது. ஐபோன் பார்க்கும். பெயரைத் திருத்தி மறுபடி ஏற்றினான். கன்னியாவின் ஏழு கிணறும் திரையில் வந்து நின்றன.