தவிலுக்குப் பக்கத்தில் வயலின்

பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபம். மேடையின் முன்பக்கம் ஒரு ரொக் பாண்ட், அதன் பின்னால் நாற்பது பேர் கொண்ட ஓர்கெஸ்ட்ரா. பேஸ் கிற்றார் வாசிப்பவன் என் நண்பன் என்பதால், வயர் சுருட்டுகிற வேலைக்கு நானும் ஒத்திகைக்குப் போயிருந்தேன். டிரம்ஸ்காரர் முதல் அடியைப் போட்டதும் வயலின்கள் காணாமல் போயின. பன்னிரண்டு வில்லும் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. காதுக்கு ஒன்றுமே வரவில்லை.

இதற்குக் காரணம் சாதாரணக் கணக்கு. ஒரு வயலினை உரக்க வாசித்தால் ஒரு மீற்றர் தள்ளி ஏறத்தாழ 85 டெசிபெல் கேட்கும். உரக்க அடிக்கிற டிரம்ஸ் 105ஐ எளிதில் தொடும். 20 தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் டெசிபெல் கூட்டல் கணக்கில் போவதில்லை, பெருக்கல் கணக்கில் போகிறது. 10 கூடினால் ஒலிச்சக்தி 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு. ஒரு டிரம்ஸுக்கு ஈடு கொடுக்க நூறு வயலின் வேண்டும். முழு அளவு சிம்பொனி ஓர்கெஸ்ட்ராவிலேயே வயலின் முப்பதுக்கு மேல் இருப்பது அபூர்வம்.

நம்மவர்கள் இந்தச் சிக்கலை மின்சாரம் வருவதற்கு முன்பே தீர்த்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். ஆடிவேல் ஊர்வலத்தில் தவிலுக்குப் பக்கத்தில் யாரும் வயலினைப் போடுவதில்லை, நாதஸ்வரம்தான். வயலினுக்கு மிருதங்கம் என்று கச்சேரி மேடையில் தனி ஜோடி. சத்தத்துக்குச் சத்தம் பார்த்துப் பொருத்திய சம்பந்தம் அது. ரொக் பாண்டையும் ஓர்கெஸ்ட்ராவையும் ஒரே மேடையில் ஏற்றுவது, தவிலுக்கு வயலினைக் கட்டிவைப்பது போலத்தான்.

சரி, மைக் வைத்தால் தீர்ந்துவிடாதா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மிக்ஸரில் இருந்தவரிடம், "அண்ணை, வயலினைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோவன்" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கூட்டலாம் தம்பி. கூட்டினா கூவும்."

மைக்குக்கு எது வயலின், எது டிரம்ஸ் என்று பிரித்தறியத் தெரியாது. வருகிற காற்றதிர்வு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். வயலின் மைக்கைக் கூட்டினால் அதற்குள் கசிந்த டிரம்ஸும் சேர்ந்து கூடும். ஒலிபெருக்கியில் இருந்து வரும் சத்தமும் அதே மைக்குக்குள் திரும்பப் புகுந்து, சுற்றிச் சுற்றிப் பெருகி, கடைசியில் அந்தக் கூவல். மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், கூவாமல் கூட்டக்கூடிய அளவில் 3 டெசிபெல் பறிபோகும். அன்று மேடையில் திறந்திருந்தவை 32 மைக். ஒன்றிலிருந்து ஐந்து முறை இரட்டித்தால் 32. ஆக 15 டெசிபெல் நட்டம்.

தப்பிக்க நல்ல வழி தூரத்தைக் குறைப்பது. தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் லாபம். ஒரு மீற்றர் தள்ளி நின்ற மைக்கை வயலினின் உடம்பிலேயே, கம்பிகளுக்கு அரைச் சாண் மேலே கவ்வ வைத்தால் ஏறத்தாழ 18 டெசிபெல் கிடைத்துவிடும். மீதிக்கு டிரம்ஸைச் சுற்றி ஒளி புகும் பிளாஸ்டிக் மறைப்பு. கிற்றார் அம்பிளிஃபயர்களை மேடைக்குப் பின்னால் ஒரு அறையில் அடைத்து வைப்பார்கள். மேடையை எவ்வளவுக்கு அமைதியாக்குகிறார்களோ அவ்வளவுக்கு அரங்கில் சத்தம் கூட்டலாம்.

ஆனால் சத்தம் சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை நேரம்.

எஸ்.எஸ்.ஸி. மைதானத்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்து மட்ச் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மட்டை பந்தில் படுவது முதலில் தெரியும், 'டொக்' பிறகு வரும். 70 மீற்றருக்கு 0.2 செக்கன். ஒலி ஒரு மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் எடுக்கும். கச்சேரியில் பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் இடையே ஒரு மீற்றர், மிஞ்சினால் ஒன்றரை. தாமதம் இருப்பதே தெரியாது. ரொக் பாண்டோடு ஓர்கெஸ்ட்ரா நின்றால் டிரம்ஸில் இருந்து கடைசி ட்ரம்பெட்காரருக்கு 16 மீற்றர் வந்துவிடும். 46 மில்லிசெக்கன்.

கண் சிமிட்டுகிற நேரத்தை விடக் குறைவுதான். இருந்தாலும் நிமிடத்துக்கு 140 தாள அடி வேகத்தில் ஓடும் பாட்டில், அடியின் கால் பங்கு 107 மில்லிசெக்கன். ட்ரம்பெட்காரர் டிரம்ஸைக் கேட்டு வாசித்தால் 46 பிந்துவார். அவர் வாசித்தது டிரம்ஸ்காரரிடம் திரும்பி வரும்போது 92. கிட்டத்தட்ட ஒரு முழுக் கால் அடி! ஒருவரை ஒருவர் கேட்டு, ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கத் தொடங்கினால் பாட்டு மெல்ல மெல்ல இழுபடும். யாரும் பிழை விடவில்லை, எல்லாரும் கவனமாகக் கேட்டு வாசிக்கிறார்கள், அதனாலேயே வேகம் விழுகிறது. இதை நேரில் பார்க்கப் பாவமாக இருக்கும்.

ஓர்கெஸ்ட்ரா இதற்கு நூற்றாண்டுகளாகக் கண்ணை நம்பியிருக்கிறது. ஒளிக்கு இந்தத் தாமதம் இல்லை; நடத்துநரின் கோல் எல்லாருக்கும் ஒரே கணத்தில் தெரியும். ரொக் பாண்டோ காதை நம்பியது, டிரம்ஸ் சொல்வதே அங்கு சட்டம். இரண்டையும் சேர்த்தால் ஒரு வீட்டில் இரண்டு மணிக்கூடு. அதனால் மூன்றாவதாக ஒன்றை வைக்கிறார்கள்: கணினியில் இருந்து 'டிக் டிக்' என்று வரும் கிளிக். டிரம்ஸ்காரர், நடத்துநர் இருவர் காதிலும் இயர்ஃபோன். சில நிகழ்ச்சிகளில் எல்லார் காதிலும். கம்பியிலோ ரேடியோ அலையிலோ வருவதால் காற்றின் தாமதம் இல்லை, இலத்திரன் கருவிகள் சேர்க்கும் சில மில்லிசெக்கன் மட்டும்தான். விலை ஒன்று உண்டு. நடத்துநர் ஒரு வரியின் முடிவில் கொஞ்சம் தாமதித்து மூச்சு விடும் அழகு போய்விடும். எனக்கு அது பெரிய விலையாகத்தான் படுகிறது.

நீண்ட, சிக்கலான பாட்டுகளை விரும்பும் புரொகிரசிவ் ரொக்கில் இன்னொரு சிரமம், தாளம். அந்தப் பாண்டுகளுக்கு ஏழும் ஐந்தும் என்றால் கொள்ளை ஆசை. மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஏழு பெரிய விஷயமில்லை. 'தகிட தகதிமி' என்று வாய் தானாகப் போகும். ஆனால் நடத்துநரின் கோல் மூன்றும் நான்குமாகப் பிரிக்க, டிரம்ஸ் நான்கும் மூன்றுமாகப் பிரித்தால்? மொத்தம் இரண்டிலும் ஏழுதான். அழுத்தம் விழும் இடம் வேறு. கிளிக் வெறும் டிக் டிக்காக இருந்தால் இதைக் காப்பாற்றாது. அதனால் ஒவ்வொரு பிரிவின் முதல் டிக்கையும் வேறு சுருதியில் வைப்பார்கள். தாளத்தை வாயால் சொல்லும் கொன்னக்கோலின் ஏழைத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

அரங்கில் இருப்பவருக்கும் நேரம் ஒரு விளையாட்டுக் காட்டும். ஒலிபெருக்கிகள் மேடையின் முன்விளிம்பில் இருக்கும், வயலின்கள் 8 மீற்றர் பின்னால். அப்படியே விட்டால் ஒலிபெருக்கியின் சத்தம் முந்திவிடும், வயலின் அந்தப் பெட்டிக்குள் இருப்பது போலக் கேட்கும். காது முதலில் வந்த சத்தத்தின் திசையைத்தான் நம்பும். 30 மில்லிசெக்கனுக்குள் பின்னால் வருவது சற்று உரக்க இருந்தாலும் முதலாவதோடு சேர்த்து ஒன்றாக்கிவிடும். ஆகவே மிக்ஸர்காரர் ஒலிபெருக்கியை வேண்டுமென்றே 23 மில்லிசெக்கனுக்குச் சற்று மேலே பிந்த வைக்கிறார். சத்தம் பெட்டியில் இருந்து வந்தாலும் வயலின் இருக்கும் இடத்தில் இருந்து வருவது போலக் கேட்கும். இதை முதன்முதல் கேட்டபோது என்னை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன். ஏமாற்றுத்தான்.

மண்டபத்தின் எதிரொலியும் இரண்டு கட்சி. சிம்பொனிக்கு ஒலி மங்க ஏறத்தாழ இரண்டு செக்கன் வேண்டும். ரொக்குக்கு அதில் பாதியே அதிகம். லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் புது இசையமைப்பாளரின் படைப்பு இரண்டு முறை கேட்கக் கிடைக்கும் என்று ஒரு பழைய பகிடி உண்டு, அவ்வளவு எதிரொலி. 1969இல் கூரையில் காளான் மாதிரி வட்டத் தட்டுகளைத் தொங்கவிட்டு அதைக் குறைத்தார்கள். அதே மண்டபத்தில் அதே வருடம் செப்டெம்பர் 24ஆம் திகதி, டீப் பர்ப்பிள் என்ற ரொக் பாண்ட், தன் கீபோர்ட்காரர் ஜோன் லோர்ட் எழுதிய இசையை ரோயல் ஃபில்ஹார்மொனிக் ஓர்கெஸ்ட்ராவுடன் வாசித்தது; நடத்தியவர் மல்கம் ஆர்னல்ட். கறாரான ரசிகர்கள் டீப் பர்ப்பிளைப் புரொகிரசிவ் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்பது வேறு கதை. 1977இல் எமர்சன், லேக் அண்ட் பால்மர் என்ற புரொகிரசிவ் பாண்ட் முழு ஓர்கெஸ்ட்ராவையே ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனது. அவர்களை நடுவழியில் நிறுத்தியது ஒலி இல்லை, செலவு.

அன்றைய ஒத்திகையை நிறுத்தியது கரண்ட்.

மறுபடி தொடங்கும்போது விளக்கும் மிக்ஸரும் ஜெனரேட்டரில் வந்துவிட்டன, ஏசி வரவில்லை. முக்கால் மணி நேரத்தில் 22 பாகையில் இருந்த மண்டபம் 30ஐ எட்டியது. காற்று சூடானால் ஒலி அதில் வேகமாக ஓடும், ஊதுகுழலின் சுருதி ஏறும். பாகைக்கு ஏறத்தாழ 0.17 வீதம். 8 பாகைக்கு, எல்லாரும் சுருதி சேர்க்கும் 440 ஹேர்ட்ஸ் 446 ஆக வேண்டும். மூச்சின் சூடு குழலை முந்தியே ஓரளவு சூடாக்கி வைத்திருப்பதால் முழு ஆறும் ஏறாது, ஆனால் நான்கு ஏறினாலே கெட்டது. வயலின் கம்பிகளோ சூட்டில் தளர்ந்து கீழே இறங்கும். கீபோர்ட்டுக்கு இது எதுவும் தெரியாது. அது 440இலேயே நிற்கும். 444உம் 440உம் சேர்ந்து ஒலித்தால் செக்கனுக்கு நான்கு முறை சத்தம் பெருத்துச் சிறுக்கும். ஏ.எல். பௌதிகத்தில் 'அடிப்பு' என்று மனப்பாடம் செய்தது இதைத்தான். நடத்துநர் இரண்டு முறை கோலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பொறுப்போம்" என்றார்.

கரண்ட் வந்து ஏசி ஓடத் தொடங்கிய பிறகும் குழல்கள் இறங்க நேரம் பிடித்தது. அதுவரை எல்லாரும் வெளியே படிக்கட்டில் இருந்து பிளேன்டீ குடித்தோம். உள்ளே இடைக்கிடை ஒபோ என்ற ஊதுகுழல் வாசிப்பவர் மட்டும் ஒரு சுரத்தை ஊதி, கீபோர்ட்டில் ஒரு விரலை வைத்து, தலையாட்டிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார்.