குட்டி விமானம் ஓட்டுபவருக்கு ஐரோப்பா வைத்திருக்கும் விதிகள்

நான்கு இருக்கை செஸ்னாவை வாடகைக்கு எடுத்து, நண்பர்களோடு பக்கத்து ஊர்வரை பறந்துபோய் காபி குடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஐரோப்பாவில் நிறையப் பேர். அவர்களுக்கான பொது விதித்தொகுப்பின் பெயர் பார்ட்-என்சிஓ. கொலோன் நகரில் இருக்கும் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை (இயாசா) தயாரித்தது. 2013-லேயே சட்டமாகிவிட்டாலும், நாடுகள் தள்ளிப்போட்டுக்கொள்ள இடம் இருந்தது. அந்தக் கெடு முடிந்தது 2016 ஆகஸ்ட் 25-ல்.

யாருக்கு இது? வணிக நோக்கம் இல்லாமல், சிறிய விமானத்தில் பறக்கும் எல்லோருக்கும். 5,700 கிலோவுக்கு மேற்பட்ட எடை, 19-க்கு மேற்பட்ட பயணி இருக்கைகள், இரண்டு பைலட் கட்டாயம், ஜெட் இன்ஜின் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அது 'சிக்கலான' விமானம். அதற்கு விதிகள் தனி, கெடுபிடியும் அதிகம். ஹெலிகாப்டருக்குக் கணக்கு வேறு.

சிறிய விமானக்காரர் பறப்பதற்கு முன்பு அரசிடம் இயக்க அனுமதி வாங்க வேண்டாம், அறிவிப்பும் கொடுக்க வேண்டாம். இது பெரிய நிம்மதி. ஆனால் அந்தப் பொறுப்பு அப்படியே பைலட்டின் தலையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. விதிகளில் பல இடங்களில் 'பைலட் முடிவு செய்ய வேண்டும்' என்றுதான் எழுதியிருக்கிறது.

ஆக்சிஜனை எடுத்துக்கொள்வோம். முதலில் இருந்தது வெறும் எண் கணக்கு: 10,000 அடிக்கு மேல் அரை மணி நேரத்தைத் தாண்டினாலோ, 13,000 அடியைத் தாண்டினாலோ பைலட் ஆக்சிஜன் போட்டாக வேண்டும். ஆல்ப்ஸைக் கடப்பவருக்கு இது நேரடிப் பிரச்சினை; மோன் பிளாங்க் உச்சியே 15,000 அடிக்கு மேல். பின்பு விதியைத் திருத்தினார்கள். இப்போது, அந்த உயரத்தில் தன் நிதானம் குறையுமா, பயணிகளுக்குக் கெடுதல் வருமா என்று முதலில் பைலட்டே கணிக்க வேண்டும். கணிக்க முடியாவிட்டால்தான் பழைய எண்கள். அப்போது 13,000 அடிக்கு மேல் பயணிகளும் போட்டாக வேண்டும். என்னைக் கேட்டால் இது கொஞ்சம் ஆபத்தான சுதந்திரம். ஆக்சிஜன் குறையும்போது முதலில் மங்குவதே அந்தக் கணிக்கும் புத்திதான்.

கடல், ஏரி மேல் பறப்பதிலும் இதே போக்கு. ஒற்றை இன்ஜின் விமானம், இன்ஜின் நின்றுபோனால் சறுக்கிக் கரை சேர முடியாத தூரத்துக்குப் போனால், ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கரையிலிருந்து அரை மணிப் பறப்பு அல்லது 50 கடல் மைல், இதில் எது குறைவோ அதைத் தாண்டினால் ரப்பர் படகு போன்றவை வேண்டுமா என்பது பைலட்டின் முடிவு.

எரிபொருளுக்கு வழக்கமான கணக்கு இது: கண்பார்வையை நம்பிப் பகலில் பறந்தால், இறங்கும்போது இன்னும் 30 நிமிடம் பறக்கும் அளவு மிச்சம் இருக்க வேண்டும், இரவில் 45 நிமிடம். ஓடுதளம் கண்ணில் தெரியும்படி பகலில் சுற்றிவிட்டு அங்கேயே இறங்குவதானால் 10 நிமிடம் போதும்.

அப்புறம் காசு விஷயம். தனியார் உரிமம் வைத்திருப்பவர் கூலிக்குப் பயணி ஏற்றக் கூடாது. செலவைப் பகிரலாம். பகிர்பவர்கள் பைலட்டையும் சேர்த்து ஆறு பேருக்கு மிகக் கூடாது. பகிரக்கூடியது அந்தப் பயணத்தின் நேரடிச் செலவு மட்டும்: எரிபொருள், விமானத்தள கட்டணம், விமான வாடகை. விமானம் சொந்தமானால் அதன் ஆண்டுக் காப்பீட்டையும் கொட்டகை வாடகையையும் நண்பர்கள் தலையில் கட்ட முடியாது. வாடகையும் கட்டணமும் சேர்த்து 320 யூரோ, ஆட்கள் நான்கு என்றால் ஆளுக்கு 80 என்று பிரிக்கலாம். சமமாகத்தான் பிரிக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஆனால் பைலட்டின் பங்கு பூஜ்யமாக இருக்கக் கூடாது. 321 யூரோ வசூலித்தால் அந்த ஒரு யூரோ லாபம், விதி மீறல்.

பதிவுச் சான்று, பறக்கத் தகுதிச் சான்று, காப்பீடு போன்ற தாள்கள் விமானத்தில் இருக்க வேண்டும். கிளம்பிய தளத்திலேயே திரும்பி இறங்குவதானால் பலவற்றை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம்.

பலூன்களும் கிளைடர்களும் 2019-ல் தனித்தனி விதிகளுக்குப் போய்விட்டன. வீட்டிலேயே கட்டிய விமானங்கள், மைக்ரோலைட்கள், பழம்பெரும் வரலாற்று விமானங்கள் பெரும்பாலும் இந்தத் தொகுப்புக்கு வெளியே, அந்தந்த நாட்டுச் சட்டத்தின் கீழ்தான் இருக்கின்றன.