நின்றே கெடும் பந்தயக் கார்: போர்ஷே 918 ஸ்பைடரைப் பராமரிப்பவர்கள் கவனத்துக்கு

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டார்களும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் காரான போர்ஷே 918 ஸ்பைடரின் தயாரிப்பு ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில், சுஃபென்ஹவுசன் ஆலையில் 2013 செப்டம்பர் 18 அன்று தொடங்கி 2015 ஜூனில் முடிந்தது. செய்தது மொத்தம் 918 கார்கள். அவற்றில் பலவும் இன்று சேகரிப்பாளர்களின் கூடங்களில் உறை போர்த்தி நிற்கின்றன. ஓடிய தூரம் குறைவாக இருந்தால் விற்கும்போது விலை கூடும் என்பது அவர்கள் கணக்கு. கையிருப்பு மதிப்புக்கு அது சரியாக இருக்கலாம், வண்டிக்குச் சரியல்ல. இந்தக் கார் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம்.

இதன் பிறப்பிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. 4.6 லிட்டர் வி8 எஞ்சின், ஆர்எஸ் ஸ்பைடர் என்ற, எல்எம்பி2 எனும் நீண்டநேரப் பந்தய வகையைச் சேர்ந்த காரின் 3.4 லிட்டர் எஞ்சினிலிருந்து வளர்ந்தது. 2008இல் பென்ஸ்கி அணி அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தை மொத்தப் பட்டியலிலேயே முதலாவதாக வந்து வென்றது அந்தக் காரில்தான். பந்தய வண்டி ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மெக்கானிக் கைக்கு வரும். ஆயிலைப் பார்ப்பார்கள், பேட்டரியை ஸ்கேனரில் படிப்பார்கள், டயரை மாற்றுவார்கள். அந்தக் கவனிப்பை நம்பியே வடிவமைத்த பாகங்கள் ஆறு மாதம் யாரும் தொடாத கூடத்தில் நின்றால் என்ன ஆகும்?

முதலில் அடி வாங்குவது 12 வோல்ட் பேட்டரி. இந்த எஞ்சினில் ஆல்டர்னேட்டர் கிடையாது; பெல்ட்டில் ஓடும் துணைக் கருவி எதுவுமே கிடையாது. 12 வோல்ட்டுக்கு மின்சாரம் வருவது பெரிய ஹை வோல்ட்டேஜ் பேட்டரியிலிருந்து, மின்னழுத்தத்தை இறக்கும் கன்வெர்ட்டர் வழியாக. அந்தப் பெரிய பேட்டரியை அமைப்போடு இணைக்கும் கான்டாக்டர்கள் என்ற மின்சுவிட்சுகள் மூடிக்கொள்ள 12 வோல்ட் வேண்டும். ஆக, சின்ன பேட்டரி இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி பிணம்தான். எஞ்சினும் கிளம்பாது. வண்டி நிற்கும்போதும் அலாரம், சாவி உணரி, கட்டுப்பாட்டு அலகுகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால், அந்த 12 வோல்ட் பேட்டரியின் வகைக்கு ஏற்ற மெயின்டெயினரை, அதாவது சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் சிறு சார்ஜரை, மாட்டியே வையுங்கள். ஈய பேட்டரிக்கான சார்ஜரை லித்தியம் பேட்டரியில் மாட்டக் கூடாது. சல்பேட் நீக்கும் அதிர்வு முறை உள்ள சார்ஜர் லித்தியத்துக்கு ஆகவே ஆகாது.

பெரிய பேட்டரி 6.8 கிலோவாட் மணி கொள்ளளவு. உள்ளே 312 லித்தியம் அயனி செல்கள், திரவத்தால் குளிர்விக்கப்படுபவை. இதை முழுதாக நிரப்பி வெப்பமான கூடத்தில் மாதக்கணக்கில் நிறுத்துவதும், முழுதாகக் காலி செய்து நிறுத்துவதும் இரண்டுமே தவறு. நிறைந்த செல்லில் வெப்பம் சேர்ந்தால் உள்ளே இருக்கும் மின்பகுளி சிதைந்து கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். காலியான செல் தானாக இன்னும் இறங்கி, மீண்டும் சார்ஜ் ஏற்றப் பாதுகாப்பில்லாத நிலைக்குப் போய்விடும். பாதி அளவில், 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்து, நேரடி வெயில் படாத இடத்தில் நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை அளவைப் பாருங்கள். சார்ஜ் கேபிளை நிரந்தரமாகச் செருகி வைப்பது நல்ல பராமரிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது பேட்டரியை எப்போதும் நிறைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும்.

செல்கள் தொடராக இணைந்திருப்பதால் மிகப் பலவீனமான செல் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் முழு பேட்டரியும். அதனால் ஆண்டுச் சோதனையில் மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஒவ்வொரு செல் குழுவின் வோல்ட்டேஜையும் ஸ்கேனரில் எடுத்து, நிற்கும்போது ஒருமுறையும் வண்டி வலுவாக இழுக்கும்போது ஒருமுறையும் ஒப்பிடுங்கள். நிற்கும்போது எல்லாம் ஒன்றாக இருந்து, இழுக்கும்போது ஒரு குழு மட்டும் கீழே விழுந்தால், அங்கே உள்மின்தடை ஏறிவிட்டது. கொள்ளளவு இன்னும் சரியாகத் தெரிந்தாலும் அந்தக் குழு முதுமை அடைந்துவிட்டது. பேட்டரிக்கு ஆலை தந்த உத்தரவாதம் 7 ஆண்டு. கடைசியாக வந்த கார்களுக்கும் அது முடிந்துவிட்டது. ஸ்கேனரில் எடுத்த இந்த வோல்ட்டேஜ் அளவுகளின் அச்சுப்பிரதியை ஆண்டுதோறும் கோப்பில் சேர்த்து வைப்பவருக்குத்தான் பேட்டரி எந்தத் திசையில் போகிறது என்று தெரியும்.

இனி எஞ்சின். நிமிடத்துக்கு 8,700 சுழற்சியில் 608 குதிரைத்திறன் தரும் எஞ்சின் இது. 9,150 வரை சுழலும். பின்பக்க மோட்டார் 156, முன்பக்க மோட்டார் 129. மூன்றும் சேர்ந்த அமைப்பின் மொத்தத் திறன், நேர்க்கூட்டலைவிடச் சற்றுக் குறைவாக, 887. கிளம்பும்போது வண்டி மின்சாரத்திலேயே நகரும், கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் வரை எஞ்சின் தேவைப்படாமலே ஓட முடியும். ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 20 நிமிடம் மின்சாரத்தில் ஓட்டியவருக்கு வண்டி சூடாகிவிட்டது போலத் தோன்றும். எஞ்சினோ பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்து கிடக்கும். அந்த நொடியில் பெடலை முழுதாக மிதித்தால், ஆயில் இன்னும் தடித்திருக்கும்போதே எஞ்சின் முழுச் சுமைக்கு இழுக்கப்படும். பேரிங்குகளையும் கேம் பகுதியையும் தின்பது இந்தப் பழக்கம்தான். வேகமாக ஓட்டும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே ஸ்டீயரிங்கில் உள்ள திருகியை ஸ்போர்ட் ஹைப்ரிட்டுக்கு மாற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் வெப்பம் 80 டிகிரி தாண்டும்வரை 4,000 சுழற்சிக்குக் கீழேயே வைத்திருங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஊருக்குள் மின்சாரத்தில் மட்டுமே ஓட்டி, எஞ்சினை எப்போதாவது இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைப்பது. அந்த இரண்டு நிமிடத்தில் உருவாகும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கும். டேங்கில் உள்ள பெட்ரோலும் பழசாகும். எத்தனால் கலந்திருந்தால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறையாவது எஞ்சினில் அரை மணி நேரம் சாலையில் ஓட்டுவதே மருந்து. நின்ற இடத்தில் ஐடிலில் உறுமவிடுவது அதற்கு ஈடாகாது.

இந்த எஞ்சினின் சூடான பக்கம் வி வடிவத்தின் உள்ளே இருக்கிறது. புகைக்குழாய்கள் மேல்நோக்கி ஏறி, எஞ்சின் மூடிக்கு மேலே திறக்கின்றன. பேட்டரிப் பக்கம் வெப்பம் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. ஓட்டி வந்தவுடன் துணி உறையைப் போர்த்தாதீர்கள். குழாய் வாய் ஆறுவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரமாவது விடுங்கள். மரத்தடியில் நிறுத்தினால் காய்ந்த இலை உள்ளே விழும், கிளப்புமுன் அதைப் பார்த்து எடுங்கள்.

பிரேக்கில் செராமிக் டிஸ்க்: முன்னால் 410, பின்னால் 390 மில்லிமீட்டர். மெதுவான பிரேக்கிங்கில் பெரும்பகுதியை மோட்டார்களே செய்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்கு அனுப்பிவிடும். ஆகவே ஊருக்குள் ஓடும் வண்டியில் பிரேக் பேட் சூடே ஆகாமல் மேற்பரப்பு கண்ணாடி போலாகிவிடும். பிறகு அவசரத்தில் அழுத்தும்போது முதல் கடி குறையும், கீச்சொலி வரும். காலியான சாலையில் 100இலிருந்து 30 வரை சில முறை திடமாக அழுத்தி, இடையே ஆறவிட்டால் பெரும்பாலும் சரியாகும். பேட்டரி நிறைந்திருக்கும்போது ஆற்றலை ஏற்றிக்கொள்ள இடமில்லாததால் உராய்வு பிரேக்குக்குச் சுமை கூடும் என்பதையும் மலை இறக்கத்தில் நினைவில் வையுங்கள். செராமிக் டிஸ்க்கின் தேய்மானத்தைத் தடிமனால் மட்டும் தீர்மானிக்க முடியாது. வெப்பத்தில் உள்ளே இருக்கும் கார்பன் எரிந்து எடை குறையும். டிஸ்க்கைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து எடை போட்டுப் பார்த்து, அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச எடையோடு ஒப்பிட வேண்டும். சக்கரத்தைக் கழற்றும்போது ரிம் பட்டு டிஸ்க் விளிம்பு உடைவது வொர்க்‌ஷாப்பில் நடக்கும் விலை உயர்ந்த விபத்து. இருவர் சேர்ந்து கழற்றுங்கள்.

டயருக்கு வயதுதான் கணக்கு. மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2, முன்னால் 265/35 இசட்ஆர்20, பின்னால் 325/30 இசட்ஆர்21. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2214 என்றால் 2014ஆம் ஆண்டின் 22ஆம் வாரம். பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் வெட்டுகள், முழுதாக இருந்தாலும் அந்த டயரில் இன்று வேகமாக ஓட்டுவது உயிரோடு விளையாட்டு. ரப்பர் கல்லாகிவிட்டிருக்கும்.

மின்சாரப் பகுதியில் கைவைக்கும் தொழிலாளிக்கு இது. ஆரஞ்சு நிறக் கேபிள் எங்கே இருந்தாலும் அது உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம். பயிற்சியும் கையேடும் இல்லாமல் தொடவே கூடாது. சாவியை வண்டியிலிருந்து தள்ளிப் பூட்டி வையுங்கள். சார்ஜ் கேபிளைப் பிடுங்குங்கள். கையேடு சொல்லும் இடத்தில் துண்டிப்பானைக் கழற்றி, பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டரில் உள்ள கெப்பாசிட்டர்கள் இறங்கக் கையேட்டில் உள்ள நேரம் முழுதும் காத்திருங்கள். பிறகுதான் அளவு. 1000 வோல்ட் வரை தாங்கும் கேட் 3 பாதுகாப்பு வகை மீட்டரை முதலில் தெரிந்த ஒரு மின்மூலத்தில் சோதித்து, அடுத்து ஹை வோல்ட்டேஜ் முனைகளை அளந்து, மறுபடியும் அதே மின்மூலத்தில் சோதிக்க வேண்டும். இந்த மூன்றாவது சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இடையில் மீட்டரின் வயர் அறுந்திருந்தால் அது காட்டிய பூஜ்யம் பொய். கையில் மின்சாரம் தாக்காமல் காக்கும் வகுப்பு 0 ரப்பர் கையுறை, மேலே தோல் உறை. ஒவ்வொரு முறையும் கையுறையைச் சுருட்டிக் காற்றடைத்து ஓட்டை பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

வண்டி வழியில் நின்றால் நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஃப்ளாட்பெட்டில்தான் ஏற்ற வேண்டும். சக்கரம் சுழன்றால் மோட்டார் ஜெனரேட்டராகி மின்னழுத்தம் உருவாக்கக்கூடும். மோதிய வண்டியில் அதன் உடற்கூடான கார்பன் மோனோகாக்கின் மேற்பரப்பு பளபளப்பாகவே இருந்தாலும் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம், அல்ட்ராசவுண்ட் சோதனை இல்லாமல் சாலைக்கு விடக் கூடாது. பேட்டரி அடிபட்டிருந்தால், புகையே வராவிட்டாலும், வண்டியை வேறு வண்டிகளிலிருந்தும் கட்டடத்திலிருந்தும் 15 மீட்டர் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்துங்கள். அடிபட்ட லித்தியம் பேட்டரி மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் கழித்தும் தீப்பிடிக்கும். தீயணைப்புத் துறைக்குச் சொல்லும்போது முதல் வாக்கியத்திலேயே இது ஹைப்ரிட் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய வண்டி வாங்குபவர் ஆலையின் திரும்ப அழைப்புகள் முடிக்கப்பட்டனவா என்று சேசிஸ் எண்ணை வைத்துக் கேட்க வேண்டும். பின்சக்கரங்களை வண்டியோடு பிணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம்களுக்காகவும், கார்பன் பாகத்தில் உரசக்கூடிய ரேடியேட்டர் ஃபேன் வயரிங்குக்காகவும் இந்தக் கார்கள் அழைக்கப்பட்டன. பதிலை எழுத்தில் வாங்குங்கள். கூடவே கடைசி மூன்று ஆண்டுகளின் செல் வோல்ட்டேஜ் அச்சுப்பிரதியையும் டிஸ்க் எடைக் குறிப்பையும் கேளுங்கள். அவை இல்லையென்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தச் சோதனைகளைச் செய்து தரச் சொல்லுங்கள்.