எழுத்துக்கு யார் அங்கீகாரம் கொடுப்பது?

போன மாதம் ஒரு பயிலரங்கு அழைப்பிதழ் வந்தது. மொரீஷியஸில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற எங்களைப் போன்றவர்களுக்காக நடத்துவதாம். தலைப்பு: ‘இயந்திரக் கற்றல் வழியாகப் பல்வேறு எழுத்துரு அங்கீகாரம்’. கைப்பேசியில் ‘முக அங்கீகாரம்’ வந்தபோது பேசாமல் இருந்தேன். ‘குரல் அங்கீகாரம்’ வந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டேன். இப்போது எழுத்துக்கே வந்துவிட்டது.

ஒரு படத்தில் இருப்பது எந்த மொழியின் எழுத்து என்று இயந்திரம் கண்டுகொள்வதைத்தான் சொல்ல வருகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு இருக்கும் ரெகக்னிஷன் என்ற சொல்லை ‘அங்கீகாரம்’ ஆக்கிவிட்டார்கள். ரெகக்னிஷன் லத்தீனிலிருந்து வந்த சொல். ‘மறுபடி அறிதல்’ என்பதுதான் அதன் வேர்ப்பொருள். முன்பு பார்த்ததை மறுபடி பார்க்கும்போது ‘இது அதுதான்’ என்று தெரிவது. பின்னால் அதே சொல் ஒரு நாட்டையோ பட்டத்தையோ ஏற்றுக்கொள்வதற்கும் ஆகிவந்தது. அங்கீகாரம் சமஸ்கிருதச் சொல். ஒன்றைத் தன் அங்கமாக்கிக்கொள்வது, அதாவது ஏற்பது. ‘அங்கீகரிக்கப்பட்ட மனை’, ‘அங்கீகாரம் பெற்ற பள்ளி’ என்று தமிழில் அது அந்த ஒரு வேலையைத்தான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. வேர் விஷயம் இவ்வளவுதான். சிக்கல் வேரில் இல்லை, மொழிபெயர்ப்பவரிடம் இருக்கிறது. அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

காவடித் திருவிழாக் கூட்டத்தில் பழைய மாணவன் ஒருவன் எதிரே வந்து “ஊ ரெகொனெத் முவா?” என்று கிரியோலில் கேட்பான். அதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? “என்னை அடையாளம் தெரிகிறதா?” என்றுதான். “என்னை அங்கீகரிக்கிறீர்களா?” என்று கேட்டால், பையன் வீட்டில் ஏதோ சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று நினைப்பேன். பிரெஞ்சு இன்னும் வேடிக்கை. அங்கே ரெக்கொனெசான்ஸ் என்றால் நன்றியறிதல் என்றும் பொருள் உண்டு. அந்த வழியாக மொழிபெயர்த்திருந்தால் ‘எழுத்து நன்றி’ என்று அழைப்பிதழ் அடித்திருப்பார்கள். நல்ல வேளை.

இரண்டு பொருளையும் பிரித்துக் காட்ட எங்கள் மொரீஷியஸ் ரூபாய் நோட்டே போதும். அதில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்று மூன்று மொழிகள் அந்த வரிசையில் இருக்கும். 1998இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே மூன்றாவதாகத் தள்ளிவிட்டார்கள். தமிழர்கள் எதிர்த்தார்கள், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, தமிழை இரண்டாம் இடத்தில் வைத்து மறுபடி அச்சிட்டார்கள். அன்று கேட்டது அங்கீகாரம். இன்று அதே நோட்டைக் கைப்பேசியால் படம் பிடித்தால், மேல் வரி ரோமன், நடு வரி தமிழ், கடைசி வரி தேவநாகரி என்று பிரித்துச் சொல்கிறதே, அது இனங்காணல். இயந்திரம் தமிழுக்கு எந்த இடமும் கொடுக்கவில்லை. புள்ளியையும் கொம்பையும் சுழியையும் பார்த்து ‘இது தமிழ் எழுத்து’ என்கிறது, அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. இந்த வேலையைச் சிலர் ‘மொழி கண்டறிதல்’ என்கிறார்கள். நோட்டின் கடைசி வரியில் இயந்திரம் முதலில் பார்ப்பது தேவநாகரியை, இந்தியை அல்ல. இங்கே மராத்தியும் போஜ்புரியும் அதே தேவநாகரியில்தான் எழுதப்படுகின்றன. கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் ரோமன் எழுத்தில். ஆகவே அது வரிவடிவம் இனங்காணல். லிபி என்று சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எழுத்துரு என்று மட்டும் சொல்லாதீர்கள். பாமினி ஓர் எழுத்துரு, அதாவது கணினியில் எழுத்துக்குக் கொடுக்கும் ஒரு தோற்றம். தமிழ் ஒரு வரிவடிவம். கணினியில் தட்டச்சு செய்த எவருக்கும் தெரிந்த வேறுபாடு இது. அழைப்பிதழை அடித்தவரும் ஏதோ ஓர் எழுத்துருவில்தானே அடித்திருப்பார்!

வரிவடிவம் தெரிந்தபின் ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பதற்கு ‘எழுத்துணரி’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களை ஏற்றுகிறவர்கள் தினமும் சொல்கிற சொல். மென்பொருளுக்கு எழுத்துணரி, செயலுக்கு எழுத்துணர்தல். ‘எழுத்துணரியாக்கம்’ என்று வால் நீட்டுவதும், முன்னால் ‘ஒளியியல்’ என்று தலை வைப்பதும் எனக்குப் பிடிக்காது. ‘உணர்தல் என்றால் மனத்தால் அல்லவா, இயந்திரம் உணருமா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். ‘ஓதி உணர்ந்தும்’ என்று குறளில் வருவது படித்துப் புரிந்துகொள்வதுதான். ‘எழுத்தறிதல்’ என்றும் வைத்திருக்கலாம், ஆனால் எழுத்தறிவு என்ற சொல் பக்கத்திலேயே நின்று குழப்பும்.

இதில் கற்றல் எங்கே வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெஸராக்ட் என்ற எழுத்துணரியை 1985இல் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனத்தில் தொடங்கினார்கள். 2005இல் பொதுவில் விட்டார்கள். முதலில் அது எழுத்தின் வெளிக்கோட்டைத் துண்டு துண்டாக ஒப்பிட்டுப் பார்த்தது. 2018இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து, ஏராளமான வரிகளைக் காட்டிப் பழக்கிய நரம்பு வலைப்பின்னல் என்ற வகை நிரல் முழு வரியாகப் படிக்கிறது. தமிழில் 247 எழுத்து என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். இயந்திரத்துக்குக் கையெழுத்துத் தமிழைப் பழக்கத் தொகுத்த ஒரு புகழ்பெற்ற தரவுத்தொகுப்பில் 156 குறிகள்தான். ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாகப் பிரிந்துவிடும் அல்லவா, அதனால்தான்.

எங்கள் கோயிலின் பழைய பஜனைப் புத்தகம் ஒன்றை எழுத்துணரியில் போட்டுப் பார்த்தேன். ‘அண்ணாமலை’ என்ற சொல்லில் ணா சுழித்துக்கொண்டும், லை யானைத் தும்பிக்கையோடும் இருந்தன. வெளியே வந்தது ‘அண்ணமல’. புதிய அச்சைப் பார்த்துப் பழகிய இயந்திரம். தும்பிக்கையை அது கண்டதே இல்லை போலும். இதைப் போய் ‘பழைய லையை இயந்திரம் அங்கீகரிக்கவில்லை’ என்று எழுதினால், இந்தப் பழைய வடிவங்களை மாற்றிய 1978ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு அரசாணையைப் பற்றிப் பேசுகிறேன் என்றுதான் நினைப்பார்கள். அங்கே அந்தச் சொல் பொருந்தவும் செய்யும்.

புத்தகத்தில் இன்னும் நாற்பது பக்கம் மெய்ப்புப் பார்க்க இருக்கிறது. மலை வருகிற இடமெல்லாம் மல என்றே கிடக்கிறது.