பாலிஷ் என்பது பெயிண்டை எடுக்கும் வேலை

இந்த மாதத்தில் மட்டும் இப்படி வந்த மூன்றாவது கார் அது. கருப்பு வண்டி, பானெட்டின் ஓரமாக நீளும் மடிப்புக் கோட்டின் மேல் ஒரு விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறத் தழும்பு. அதைக் கொண்டுவந்த இளைஞர், காரைச் சுத்தம் செய்து மெருகேற்றும் டீட்டெய்லிங் தொழிலுக்கு வந்து நான்கு மாதங்கள்தான் ஆகின்றன. “முதல் தடவை பாலிஷ் போட்டதும் அந்த இடம் மட்டும் மங்கலாத் தெரிஞ்சது சார். அதனால இன்னொரு தடவை போட்டேன்” என்றார். அந்த மங்கலைப் பார்த்தபோதே, நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர் கோட் போய்விட்டிருந்தது. இரண்டாவது முறையில் அதன் அடியில் இருந்த நிறமும் போய், அடிப்பூச்சான பிரைமர் வெளியே வந்துவிட்டது. அவர் என்னிடம் கேட்க வந்ததோ, இதைச் சரிசெய்ய எந்தக் காம்பவுண்ட் (கரகரப்பு கூடிய பாலிஷ்) வாங்க வேண்டும் என்பதை.

கோளாறு நம் பேச்சிலேயே தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பவுடர் போடுகிறோம், மை போடுகிறோம், அதே வாயால் காருக்குப் பாலிஷும் போடுகிறோம். போடுவது என்றாலே ஏதோ ஒன்று மேலே சேர்கிறது என்றுதான் மனம் எடுத்துக்கொள்ளும். ஷூ பாலிஷைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. அங்கே தோலின் மேல் மெழுகும் சாயமும் ஏறுகின்றன. கார் பாலிஷில் இருப்பது தேய்க்கும் துகள். கிளியர் கோட்டில் உள்ள கீறல் ஒரு பள்ளம் என்றால், அந்தப் பள்ளத்தை நாம் நிரப்புவதே இல்லை. சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் பள்ளத்தின் அடிமட்டம் வரை சீவி இறக்குகிறோம். கீறல் மறைந்தது என்றால், அந்தக் கீறலின் ஆழத்துக்குச் சுற்றுப்புறப் பெயிண்டும் போய்விட்டது என்று பொருள். ஒவ்வொரு பாலிஷுக்குப் பிறகும் வண்டியில் முன்பிருந்ததைவிடக் குறைவான பெயிண்ட்தான் இருக்கும். இதைத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது; கேட்டுத் தலையாட்டிவிட்டு, அடுத்த நாள் நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான கீறலைப் ‘போக்க’ ஒரே இடத்தில் பத்து நிமிடம் பாலிஷ் மெஷினை நிறுத்தி வைக்கிறார்கள். நகம் சிக்கும் கீறலைப் பெரும்பாலும் மழுக்கலாம். முழுவதும் எடுக்க நினைத்தால் கிளியர் கோட்டையும் சேர்த்து எடுத்துவிடுவீர்கள்.

எடுப்பதற்கு எவ்வளவு இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். தொழிற்சாலையில் அடிக்கும் பெயிண்ட், எல்லா அடுக்கும் சேர்த்து, பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை இருக்கும். அதில் நாம் தொடக்கூடிய கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. அதையும் முழுவதும் செலவழிக்க நமக்கு உரிமை இல்லை, ஏனென்றால் சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் அதற்குள்தான் கலந்திருக்கிறது. அதை அளவுக்கு மீறி மெலிய வைத்துவிட்டால் வண்டி அன்று பளபளவென்றுதான் வெளியே போகும். சில ஆண்டுகள் வெயில் பட்ட பிறகு வெளுத்து, தோல் உரிவதுபோல உரியத் தொடங்கும்போது யார் எடுத்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

தடிமன் அளக்கும் கேஜ் வாங்கிவிட்டோம் என்று தைரியமாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கருவி காட்டுவது மொத்தத் தடிமனை. திரையில் 120 என்று வந்தால் அதில் கிளியர் கோட் எவ்வளவு என்று சாதாரணக் கேஜ் சொல்லாது. 250, 300 என்று வந்தால் மகிழ்ந்துவிடவும் கூடாது. அந்தப் பலகை மறுபெயிண்ட் கண்டது, ஒருவேளை அடியில் பள்ளத்தை நிரப்பிய பட்டியும் இருக்கலாம், மேலே இருக்கும் கிளியர் கோட் எவ்வளவு மெல்லியது என்பது அடித்தவருக்கே தெரியாது. உலோகத்தை நம்பி வேலை செய்யும் அந்தக் கேஜ் பிளாஸ்டிக் பம்பரில் வாய் திறக்காது. கூர்மையான மடிப்புகளில் சொல்லும் எண்ணை நம்ப முடியாது. அதாவது, மிக ஆபத்தான இடங்களில்தான் அது உதவாது.

ஆகவே அந்த இடங்களுக்கு டேப் ஒட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே பெயிண்ட் விளிம்பிலிருந்து விலகி ஓடும் தன்மை உடையது என்பதால் கதவின் ஓரம், பானெட்டின் மடிப்பு, வீல் வளைவின் உதடு ஆகிய இடங்களில் அது இயல்பாகவே மெலிந்திருக்கும். சமதளத்தில், மெஷினின் முனையில் சுழலும் மென்தட்டான பேட் முழுவதும் பரவும் அழுத்தம், மடிப்பின் மேல் ஏறியதும் ஒரே கோட்டில் குவிகிறது. இந்த இரண்டும் சேர்ந்ததன் விளைவுதான் நான் முதலில் சொன்ன தழும்பு. மாஸ்கிங் டேப் ஒட்ட ஒரு காருக்கு அரை மணி நேரம் ஆகுமா? ஆகட்டும். பேட்டின் விளிம்பை அங்கே கொண்டுபோகாமல், மெஷினை அணைத்துவிட்டுக் கையாலேயே இரண்டு இழுப்பு இழுத்து முடிப்பதில் எந்த மானக்கேடும் இல்லை.

மெஷினைப் பற்றிய சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. தொடக்கநிலையில் இருப்பவர், சுழன்றபடியே ஊசலாடும் டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பழகுவது நல்லது. மடிப்பில் அழுத்தினால் பேட் சுழல்வது நின்றுவிடும் என்பதால் அது ஓரளவுக்குக் காப்பாற்றும். பேடைப் பிடித்திருக்கும் பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். சுழற்சி நின்றது கண்ணுக்குத் தெரியும். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் அப்படி நிற்காது, சூட்டையும் ஓரிடத்தில் குவிக்கும். இரும்புத் தகடு அந்தச் சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பம்பர் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதனால் ரோட்டரியோடு பம்பரை நெருங்குவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

வேலையைத் தொடங்கும் முறையில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். வண்டியைச் சரியாகக் கழுவி, களிமண் போன்ற கிளே பாரை ஓட்டி, ஒட்டியிருக்கும் துகள்களை எடுத்துவிட்டுத்தான் பேட்டையே வெளியில் எடுக்க வேண்டும்; இல்லையென்றால் அந்தத் துகள்களையே பேடுக்கடியில் சுழற்றிப் புதுக் கீறல் போடுவீர்கள். பிறகு இரண்டு சாண் சதுரத்துக்கு ஒரு சோதனை இடம் தேர்ந்தெடுத்து, கையிலிருப்பதிலேயே மிக மென்மையான பேடும் பாலிஷும் கொண்டு தொடங்குங்கள். அது போதவில்லை என்றால் மட்டுமே ஒரு படி ஏறுங்கள். நொடிக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் மெஷின் நகர வேண்டாம். வேகமாக ஓட்டுவதால் வேலை முடியாது. ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் பேட்டைப் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்துவிட்டுப் பாருங்கள், ஏனெனில் பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலைத் தற்காலிகமாக மறைத்து உங்களை ஏமாற்றும். ஒரு மாதத்தில் வாடிக்கையாளர் திரும்பி வந்து நிற்பது பெரும்பாலும் அந்த எண்ணெய் கழுவிப்போன பிறகுதான்.

பேடையும் அடிக்கடி திருப்பிப் பாருங்கள். கிளியர் கோட் உள்ள வண்டியில் பேடில் படிவது வெள்ளையாகவோ பாலிஷின் நிறத்திலோ இருக்க வேண்டும். வண்டியின் நிறம் தெரிந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றை அடுக்குப் பெயிண்டில் நிறம் வருவது இயல்பு. அது எந்த வகை என்பதை மறைவான ஓரிடத்தில், வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் வைத்துத் தேய்த்து முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

தயவுசெய்து, அடுத்தவர் வண்டியில் கற்றுக்கொள்ளாதீர்கள். உடைந்த கார்களை வாங்குபவரிடம் ஒரு பழைய பானெட் வாங்கி மேசையில் வைத்துப் பழகுங்கள். என்னிடம் கற்க வருகிறவர்களை அதில் ஒரு மடிப்பின் பெயிண்டை வேண்டுமென்றே பிரைமர் வரை தேய்த்தெடுக்கச் சொல்வது என் வழக்கம். அந்த இளைஞரையும் செய்யச் சொன்னேன். பாதி மடிப்பில் டேப், பாதியில் இல்லை. மென்மையான பேடுதான், மெஷினும் நடுத்தர வேகம்தான். பளபளப்பு கூடிக்கொண்டே வந்து, திடீரென்று ஒரு இழை அளவுக்கு மங்கியது. “அன்னைக்கும் இப்படித்தான் சார், இந்த இடத்துலதான் இன்னும் கொஞ்சம் போடலாம்னு நினைச்சேன்” என்றார். பானெட்டுக்கு மறுபெயிண்ட் அடிக்கும் செலவைத் தானே ஏற்பதாக மாலையில் வாடிக்கையாளருக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, மீதி இருந்த மடிப்பில் டேப் ஒட்டத் தொடங்கினார்.